மட்டக்களப்பு நகரில் ஒரு மலர்ச்சாலை: நண்பரின் அடக்கத்தில் கண்டவை

கடந்த மாதம் என் நண்பர் ஒருவர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காலமானார். பத்து வயதில் பள்ளிக்கூட வாங்கில் தொடங்கிய பழக்கம், அறுபத்தாறாவது வயதில் முடிந்தது. அவர் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர், நான் சைவன். ஒரே மகள் இலண்டனில் இருந்ததாலும், அவருடைய மனைவி அன்றிரவு எதையும் தனித்துத் தீர்மானிக்கும் நிலையில் இல்லாததாலும், அடக்கத்துக்கான ஒழுங்குகள் எல்லாம் என் கைக்கு வந்தன. அதிகாலை மூன்று மணிக்கு நகரிலுள்ள ஒரு மலர்ச்சாலையின் வாசலில் போய் நின்றேன். அடுத்த நான்கு நாட்களில் அவர்களிடம் பெற்ற சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் குறைகள் மட்டுமே பேசப்படும். அங்கு ஒரு மனிதர் செய்த வேலை அந்தப் பேச்சில் மறைந்துபோய்விடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்திலும் கதவு திறந்திருந்தது. உரிமையாளர் தூக்கக் கலக்கத்தைக் காட்டாமல் எழுந்து வந்து, உடலைப் பொறுப்பேற்க எவை வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார்: இறந்தவரின் தேசிய அடையாள அட்டை, உடலைப் பெறும் உறவினரின் அடையாள அட்டை, மரணத்தின் காரணத்தை எழுதி வைத்தியர் ஒப்பமிட்ட பத்திரம். அந்தப் பத்திரத்தைக் கொண்டுதான் பின்னர் பதிவாளரிடம் மரணத்தைப் பதிய வேண்டும் என்பதால், அதை யாரிடமும் கொடுப்பதற்கு முன் போட்டோப் பிரதி எடுத்துக்கொள்ளும்படி நினைவூட்டினார். துக்கத்தில் இருப்பவனுக்கு இப்படிச் சொல்லித்தர ஒருவர் இருப்பது பெரிய உதவி. நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், முப்பது வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். இருந்தும் அன்று என் நண்பரின் பிறந்த திகதியைக் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை.

பெட்டி தெரிவுசெய்யும் அறை எனக்குப் பிடிக்கவில்லை. தேக்கில் செய்து மெருகூட்டிய பெட்டிகள் வெளிச்சத்தில் முன்வரிசையில் நிற்கின்றன. மலைவேம்புப் பலகையில் செய்த இலேசான, விலை குறைந்த பெட்டிகளோ சுவரோரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன; அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நான் கேட்டேன். உரிமையாளர் மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். காசில்லாமல் கேட்கிறான் என்று எண்ணியிருப்பார்.

உண்மையில் அது என் நண்பரின் சொல். பல வருடங்களுக்கு முன்பே அவர் எனக்குச் சொல்லி வைத்திருந்தார். அவருடைய சபையின் வரலாற்றில் அவருக்கு மிகவும் பிடித்த பகுதி 1814ஆம் ஆண்டின் கப்பற் பயணம். தோமஸ் கோக் என்பவரின் தலைமையில் இலங்கையை நோக்கிப் புறப்பட்ட அந்தச் சிறிய மிஷனரிக் குழுவில் வில்லியம் ஓல்ட் என்ற இளைஞரும் அவருடைய மனைவியும் இருந்தனர். மனைவி வழியிலேயே இறந்து கடலில் அடக்கம் செய்யப்பட்டார். கரையைக் காணாமலே தலைவர் கோக்கும் இறந்தார், அவரும் கடலுக்கே போனார். அவ்வளவையும் சுமந்துகொண்டு மட்டக்களப்புக்கு வந்த ஓல்ட், பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். ஓர் ஆண்டு நிறையும் முன்பே, 1815இல், அவரும் இங்கேயே இறந்துபோனார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை அந்த 1814இலிருந்துதான் எண்ணுகிறது. இதைச் சொல்லிவிட்டு நண்பர் எப்போதும் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்: "மச்சான், இந்த ஊருக்கு வேதம் கொண்டுவந்த ஆக்களுக்கே பெட்டி கிடைக்கவில்லை. எனக்கு என்னத்துக்குத் தேக்கு?" 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் கல்லடியை அள்ளிக்கொண்டு போன பிறகு, பெயர் தெரியாதவர்களைப் புதைத்த குழிகளின் ஓரத்தில் அவர் நின்று ஜெபித்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்தச் சமயத்தவர் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவர்களுக்கும் பெட்டி இருக்கவில்லை. மலைவேம்புப் பெட்டியையே எடுத்தேன்.

இனி அந்த மலர்ச்சாலையில் நான் கண்ட உண்மையான திறமையைச் சொல்ல வேண்டும். மகள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி வீடு வந்து சேர மூன்று நாட்களாகும் என்பதால் உடலை எம்பாம் செய்யாமல் வைத்திருக்க முடியாது. மட்டக்களப்பு வெயில் அதற்கு இடம் கொடாது. போர்மலின் கலந்த திரவத்தை நாடி வழியாக உடலுக்குள் செலுத்துகிறார்கள் என்பது எல்லோரும் அறிந்ததுதான். அதை அவசரமாகச் செய்தால் முகம் ஊதி, இறந்தவர் வேறொருவர் போலாகிவிடுவார் என்பதை நான் சில செத்தவீடுகளில் கண்டு கலங்கியிருக்கிறேன். இங்கு அந்த வேலையைச் செய்பவர் எழுபது வயதை நெருங்கிய ஒருவர். என்னை வெளியே அனுப்பவில்லை. "ஐயா, இருக்க மனமிருந்தால் இருங்க, இல்லையென்றால் ஒரு படம் மட்டும் தாங்க" என்றார். படம் எதற்கென்று கேட்டேன். தலைமுடியின் வகிடு எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்காம். என் கைத்தொலைபேசியிலிருந்த படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கண்ணாடி போடுபவரா என்று கேட்டார். ஆம் என்றேன். மூக்கின் இருபுறமும் கண்ணாடி அழுத்தி அழுத்திப் பதிந்த இரண்டு சிறிய பள்ளங்கள் இருந்தன. அவற்றின் மேல் மா பூசி மறைத்துவிட வேண்டாம், பிள்ளை வந்து தேடுவது அதைத்தான் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லி, அந்த இடத்தை விட்டுவிட்டுப் பூசினார். மீசையை வெட்டும்போது அவர் கை நடுங்கவில்லை. வெள்ளைச் சட்டையின் கைப்பொத்தான்களை மணிக்கட்டுவரை பூட்டினார். நண்பர் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் பூட்டினார், அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, படத்தில் பார்த்திருக்கிறார்.

வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர் தானாகவே 2019ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அந்தக் கிழமை முழுவதும் தான் படுக்கவில்லை என்றார். கொல்லப்பட்டவர்களில் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் நண்பர் அந்தக் கிழமையில், வெள்ளைக்கொடி கட்டிய செத்தவீடுகளுக்கெல்லாம் தன் சைக்கிளில் போய்வந்தவர். அது வேறு சபையாயிற்றே என்று யாரோ கேட்டபோது, சாவுக்குச் சபை இல்லை என்று பதில் சொன்னார். இந்த முதியவரும் அவரும் அந்த நாட்களில் எங்கேனும் ஒரு முற்றத்தில் எதிரெதிரே நின்றிருக்கக்கூடும்.

மகள் வந்து பெட்டியருகில் நின்றதும் முதலில் தொட்டது மூக்கின் மேலிருந்த அந்தப் பள்ளத்தைத்தான். இந்த ஒரு வேலைக்காக மட்டுமே அந்த மலர்ச்சாலைக்கு யாரையும் நான் தயங்காமல் அனுப்புவேன்.

மற்றவற்றில் தயக்கம் உண்டு. உடல் வீட்டுக்கு வந்தபோது நண்பரின் விரல்களில் வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளாலான செபமாலை சுற்றப்பட்டிருந்தது. தலைமாட்டில் இயேசுவின் உருவம் பதித்த பாடுபட்ட சிலுவை நிறுத்தப்பட்டிருந்தது. எனக்கு அதில் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கிறிஸ்தவர் வீடு, சிலுவை இருக்கிறது, அவ்வளவே என் அறிவு. அவருடைய மனைவி வந்து பார்த்து, ஒரு சொல்லும் பேசாமல், விரல் விரலாக அந்த மாலையை அவிழ்த்தெடுத்தார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணன், இது கத்தோலிக்க ஆக்களுடையது. அவர் இதை மதிப்பார், ஆனால் இதில் ஜெபித்தவர் இல்லை" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லி, பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அம்மாவிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டார். இந்த மாவட்டத்துக் கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கர் பலர் என்பதால், மலர்ச்சாலையில் கிறிஸ்தவர் என்றாலே ஒரே அலங்காரம்தான் இருக்கிறது. மெதடிஸ்தர் வெறுஞ்சிலுவையை வைப்பவர்கள், பெந்தெகொஸ்தே சபையார் பலர் மெழுகுதிரியையும் விரும்பமாட்டார்கள் என்பதெல்லாம் இந்நகரில் இத்தனை காலம் இந்தத் தொழிலைச் செய்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் கேட்கவில்லை. முடிவகிட்டைக் கேட்ட அதே கடையில், எந்தச் சபை என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லாமற் போனது எனக்கு இன்றுவரை வியப்பாகவே இருக்கிறது.

நான் கேட்காமலே ஒலிபெருக்கியில் போட்டுவிட்ட சோகப் பாடல்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நிறுத்தச் சொன்னவுடன் நிறுத்தினார்கள். ஆயினும் அதற்குரிய கட்டணம் கடைசிப் பற்றுச்சீட்டில் இருந்தது, கேட்டபின் கழித்தார்கள்.

அச்சு வேலை என்ற பகுதிக்கு வருகிறேன். மரண அறிவித்தல், நினைவு அட்டை, பனர் ஆகிய மூன்றையும் மலர்ச்சாலையே செய்வித்துத் தருகிறது. அறிவித்தலின் ஆயத்த வாசகத்தில் "இறைபதம் அடைந்தார்" என்றிருந்தது. நண்பரின் மனைவி, நான் தங்கச்சி என்று அழைப்பவர், அதை "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று மாற்றச் சொன்னார். மறுபேச்சின்றி மாற்றினார்கள், அதற்கு மேலதிகக் காசும் கேட்கவில்லை. நினைவு அட்டைக்கு அவர் ஒரு வசனத்தைத் தெரிந்து, அதன் வாசகம் வேண்டாம், இடம் மட்டும் போதும், வாசிக்க விரும்புபவர்கள் வீட்டில் வேதத்தைத் திறந்து வாசிக்கட்டும் என்றார். அதுதான் என் நண்பரின் வழக்கமும். வெளிப்படுத்தின விசேஷம் 14:13. கர்த்தருக்குள் மரிப்பவர்கள் பாக்கியவான்கள் என்பது அதன் பொருள் என்று எனக்கும் விளக்கினார்.

அந்த இலக்கத்தின் கனம் புரிய வேண்டுமானால் என் நண்பர் தேவாலயத்தில் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். அவர் பிரசங்கி அல்லர். சபையில் பெரிய பொறுப்பு எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் புளியந்தீவிலுள்ள தேவாலயத்துக்குப் போய், மறுநாள் ஆராதனைக்குரிய பாடல்களின் எண்களைச் சுவரிலுள்ள மரப்பலகையில் கோர்த்துவிட்டு வருவார். கறுப்புப் பலகைத் துண்டுகளில் வெள்ளையால் எழுதிய எண்கள். அவற்றைப் பழைய மலிபன் பிஸ்கட் தகரமொன்றில் வைத்திருந்தார். பல முறை நானும் கூடப் போயிருக்கிறேன். ஆறு என்ற எண்ணில் ஒரு துண்டு தொலைந்துபோனதால், ஒன்பதொன்றைத் தலைகீழாக வைப்பதற்காக அதன் விளிம்பைச் சீவி வைத்திருந்தார். எண்களைக் கோர்த்தபின் கடைசி வாங்கு வரை நடந்துபோய், அங்கிருந்து திரும்பிப் பார்த்து, கையிலுள்ள தாளுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். பிழையான எண்ணைக் கண்டு ஒரு கிழவி வேறு பாட்டை எடுத்துவிட்டால் அவளுக்குத்தான் வெட்கம், போட்டவனுக்கு இல்லை என்பார். என்னை ஒருநாளும் தன் சமயத்துக்கு அழைத்ததில்லை. என் மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்த நாளில் மட்டும் வெளியே வாங்கில் என் பக்கத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, சத்தம் வெளியே கேட்கவில்லை.

அந்த மனிதரின் நினைவு அட்டையில் 13:14 என்று அச்சாகியிருந்தது.

அடக்க ஆராதனை தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வாசலில் அட்டைகள் நூறுக்கு மேல் கைமாறிவிட்டன. முன்வாங்கில் இருந்த வயதான அம்மா ஒருவர் தன் வேதாகமத்தைத் திறந்து வசனத்தைத் தேடினார்; பிறகு எழுந்து என்னிடம் வந்து, அட்டையையும் திறந்த பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பூமியின் குடிகளை வஞ்சிக்கும் மிருகத்தைப் பற்றிய வசனம் அது. அவர் எதுவும் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஏனென்றால் அதில் என் பங்கும் இருந்தது. அச்சுக்கு முன் அந்த அட்டையின் மாதிரியை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தார்கள். நான் பெயரையும் திகதிகளையும் பார்த்துவிட்டு, சரி என்று பதில் போட்டிருந்தேன். ஆகவே இந்தக் குறையை முழுவதும் அவர்கள் தலையில் கட்ட எனக்கு உரிமை இல்லை.

நான் குறை சொல்வது பிழைக்காக அல்ல, அதைச் சொன்னபோது வந்த மறுமொழிக்காக. அன்று பின்னேரம் தொலைபேசியில் உரிமையாளரிடம் சொன்னதும், "இலக்கம் இடம் மாறிப்போச்சு ஐயா, அதுவும் வேத வசனம்தானே" என்றார். நான் கோபத்தில் பேசாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். மறுநாள் நேரில் போய், அந்த வசனம் என்ன சொல்கிறது என்பதை விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னர், முப்பத்தோராம் நாள் நினைவு ஆராதனைக்குமுன் இருநூறு அட்டைகளைத் தன் செலவில் மீண்டும் அடித்துத் தருவதாகச் சொன்னார். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் பிந்தினாலும் தந்துவிட்டார். இம்முறை எண் சரி.

வாகன ஒழுங்கைப் பற்றிக் குறை இல்லை. கல்லடியிலிருந்து தேவாலயத்துக்குப் போகும் வழியில், சாரதி கல்லடிப் பாலத்தில் ஏறும்போது தானாகவே வேகத்தைக் குறைத்தார். பின்னால் நடந்து வந்தவர்கள் பிந்திவிடாதபடி கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பக்கத்தில், 1924இல் திறந்த பழைய பாலம் கிடந்தது. நானும் நண்பரும் சைக்கிளில் ஒன்றாகக் கடந்தது அந்தப் பாலத்தைத்தான். ஒருவழிப் பாதை என்பதால், எதிரே வாகனம் வந்தால் ஓரத்தில் ஒதுங்கிக் காத்து நிற்போம். சேமக்காலையில் பெட்டியை இறக்கிய நான்கு பணியாளர்களும் கயிற்றை ஒரே சீராக விட்டார்கள். பெட்டி ஒரு பக்கமாகச் சாயவில்லை. போதகர் ஜெபித்து முடியும்வரை மண்வெட்டியைத் தொடவும் இல்லை. மூன்று பிடி மண் போட என்னையும் அழைத்தார்கள். போட்டேன்.

மொத்தச் செலவு 168,000 ரூபாய். பெட்டி, எம்பாம், வாகனம், பந்தல், கதிரைகள், அச்சு வேலை எல்லாம் அதில் அடக்கம். வேலைக்கு ஏற்ற தொகைதான். ஆயினும் பற்றுச்சீட்டை உருப்படி உருப்படியாக எழுதி வாங்க வேண்டும், மொத்தமாக எழுதித் தந்தால் வாங்கக்கூடாது. பெட்டி பார்க்கப் போகிறவர்கள் சுவரோரத்தில் இருப்பதையும் காட்டச் சொல்லுங்கள். எந்தச் சபை, எந்தச் சிலுவை, மெழுகுதிரி வேண்டுமா, கையில் எதுவும் வைக்க வேண்டுமா என்பதை அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னைப்போல வேறு சமயத்தவர் ஒருவர் ஒழுங்குகளைப் பார்க்க நேர்ந்தால், வசனத்தின் இலக்கத்தை அந்த வீட்டில் வேதம் வாசிக்கும் ஒருவரிடம் காட்டிய பின்பே சரி என்று பதில் அனுப்புங்கள். எம்பாம் செய்பவர் யார் என்று கேட்டு, அந்த முதியவர்தான் என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

பிழையான அட்டைகளில் கைக்குக் கிடைத்தவற்றைத் திரும்பச் சேர்த்தோம். எரித்துவிடலாம் என்று நான் சொன்னேன்; தங்கச்சி அதற்கு இணங்கவில்லை, அவருடைய படம் இருக்கிறதே என்றார். ஒன்றை நான் வைத்திருக்கிறேன். அதில் 13க்கும் 14க்கும் இடையே நீலப் பேனாவால் வளைவாக ஒரு கோடு கீறப்பட்டிருக்கிறது, இரண்டு எண்களையும் இடம் மாற்றும்படி. பாட்டெண் தாளில் பிழை கண்டால் அவர் போடும் கோடு அது. இதைப் போட்டவர் அவருடைய மனைவி.